புடவையைப் பறிக்க வேண்டாம், டெய்லரிடம் கொடுங்கள்

டிமென்ஷியா, அதாவது மறதி நோய் என்று டாக்டர் சீட்டில் எழுதிய அடுத்த வாரமே நம் வீடுகளில் ஒரு காரியம் நடந்துவிடும். ஐம்பது வருடம் புடவை கட்டிய அம்மாவுக்கு நாலு நைட்டி வாங்கி வருவார்கள். வேட்டி கட்டிய அப்பாவுக்கு எலாஸ்டிக் வைத்த அரை டிராயர். "இனிமே இதுதாம்மா வசதி." யாருக்கு வசதி என்பதுதான் என் சண்டை.

டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்க மருத்துவர்கள் பயன்படுத்தும் 'ஃபாஸ்ட்' என்ற அளவுகோலில் மொத்தம் 7 கட்டங்கள். அதில் 5ஆம் கட்டத்தின் அடையாளமே உடைதான்: இடத்துக்கும் வெயிலுக்கும் தகுந்த உடுப்பைத் தானாக எடுக்க முடியாமை. உதவியில்லாமல் சரியாக உடுத்த முடியாமல் போவது 6ஆம் கட்டத்தின் தொடக்கம். குளிக்க உதவி, கழிப்பறையில் உதவி, சிறுநீர் கட்டுப்பாடு போவது எல்லாம் அதற்கும் பிறகு. அதாவது எதை உடுத்துவது என்று தெரியாமல் போன பிறகும், எப்படி உடுத்துவது என்று கைக்குத் தெரிந்த காலம் ஒன்று இருக்கிறது. நாம் செய்யும் தவறு, 5ஆம் கட்டத்தில் இருப்பவருக்கு 7ஆம் கட்டத்தின் உடுப்பை மாட்டிவிடுவது.

இதே காரணத்தால்தான் "எல்லாத்துக்கும் வெல்க்ரோ வெச்சிடுங்க" என்ற அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. பட்டன் போடுவது, கொசுவம் மடிப்பது, வேட்டியை இடுப்பில் செருகுவது எல்லாம் கைப்பழக்கம். பெயர்கள் மறந்த பிறகும் அது நெடுநாள் நிற்கும். அழுத்தினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் வெல்க்ரோ பட்டை அந்தக் கைகள் பழகாத பொருள். சட்டையில் பட்டனைக் காணாமல் விரல் மேலும் கீழும் தேடும், பிறகு எரிச்சல் வரும். பிரிக்கும்போது எழும் 'சர்ர்' சத்தத்தில் திடுக்கிடுகிறவர்களும் உண்டு. கை முழுதாகக் கைவிட்ட பிறகு, உடுத்திவிடுகிறவரின் கைக்காக வைப்பதுதான் வெல்க்ரோ.

அதற்கு முந்தைய கட்டத்தில் பட்டனைப் பெரிதாக்கினால் போதும். சாதாரணச் சட்டைப் பட்டன் சுமார் 11 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 18 மில்லிமீட்டர் பட்டன், சட்டைக்கு எதிர் நிறத்தில். வெள்ளைச் சட்டைக்கு வெள்ளைப் பட்டன் வைத்தால் வயதான கண்ணுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. காஜாவையும் அந்த அளவுக்குப் பெரிதாக அடிக்கச் சொல்லுங்கள். இதை மறந்துவிட்டு "பெரிய பட்டன் வெச்சும் போட முடியலை" என்பவர்கள் நிறைய. துணியோடு ஒட்டித் தைக்காமல், நூலைச் சுற்றி 3 மில்லிமீட்டர் கழுத்து விட்டுத் தைத்தால் விரலுக்குப் பிடி கிடைக்கும். கீழ்ப் பட்டனிலிருந்து மேலே போடப் பழக்கினால் ஏறுமாறாகாது, கண்ணுக்கு எட்டும் இடம் அதுதான்.

வெல்க்ரோவுக்கு வரவேண்டிய நாள் வந்தால், பழைய பட்டன்களைக் காஜாவின் மேலேயே தைத்து மூடிவிட்டு, அடியில் 2 செ.மீ. துண்டுகளாக வையுங்கள். நீளப் பட்டை வேண்டாம். விறைத்துக்கொண்டு நிற்கும், ஓரிடத்தில் கோணலாக ஒட்டினால் சட்டை முழுக்கக் கோணலாகும். முள் பக்கம் உடம்பைப் பார்க்காமல் வெளியே பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதியவரின் மெல்லிய தோலைக் கீறும். ஒட்டாமல் திறந்த நிலையில் வாஷிங் மெஷினில் போட்டால் மற்ற துணியின் நூலையெல்லாம் இழுத்து அடைத்துக்கொள்ளும், அப்புறம் பிடிக்காது. அடைத்துவிட்டால் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம்.

புடவைக்கு வருகிறேன். 5.5 மீட்டர் துணியைச் சுற்றி, கொசுவம் வைத்து, செருகி, முந்தானை போடுவது மூளைக்குப் பத்துப் பன்னிரண்டு படி வேலை. நடுவில் ஒரு படி தவறினாலும் மொத்தமும் அவிழும். அதற்காகப் புடவையே வேண்டாம் என்று முடிவு கட்டுவானேன்? கீழ்ப்பாதி, மேல்பாதி என்று இரண்டாக வெட்டுங்கள். கீழே சுமார் 3 மீட்டர், மேலே மிச்சம் இரண்டரை. கீழ்ப்பாதியில் கொசுவத்தை மடித்து, இடுப்பிலிருந்து 6 அங்குலம் வரை தைத்துவிட வேண்டும். ஒன்றரை அங்குல அகல எலாஸ்டிக்கைப் பக்கத்திலும் பின்னாலும் மட்டும் வைத்து, கொசுவப் பகுதியைத் தட்டையாக விடுங்கள். சுற்றிலும் எலாஸ்டிக் வைத்தால் கொசுவம் சுருங்கி மூட்டைபோல் நிற்கும். இழுத்தால் இடுப்பெலும்பைத் தாண்டி ஏறும் அளவுக்கு விரிகிறதா என்று டெய்லர் கடையிலேயே பாருங்கள். பழைய உள்பாவாடையை உள்ளே சேர்த்துத் தைத்தால் நாடா வேலையும் மிச்சம். முடிச்சு இறுகி இடுப்பில் தழும்பாவது, படுக்கும்போது முதுகடியில் உறுத்துவது இரண்டும் தீரும். விளிம்பு கணுக்காலுக்கு 2 அங்குலம் மேலே நிற்கட்டும். தரையைத் தொடும் புடவை மாடிப்படியில் ஆளைத் தள்ளிவிடும்.

மேல்பாதியின் முனையை இடது இடுப்பில் சேர்த்துத் தைத்துவிட்டால், பின்பக்கம் சுற்றி வலப்பக்கமாக வந்து தோளில் போடுவது மட்டுமே மிச்சம். அந்த அசைவு பல வருடம் கையிலேயே இருக்கும். முந்தானை பின்னால் இடுப்பளவுக்கு இறங்கினால் போதும், நீளமாக விட்டால் கழிப்பறையில் நனையும். தோளில் ஊக்கு குத்தவே கூடாது. கையில் கிடைத்த ஊக்கு வாய்க்குப் போகும். ரவிக்கைத் தோளில் ஒரே ஒரு டிச் பட்டன் வையுங்கள். கதவுக் கைப்பிடியில் முந்தானை மாட்டினால் அது தானே விட்டுக்கொடுக்கும், ஊக்கு விடாது.

ரவிக்கையில் ஐந்தாறு கொக்கிக்குப் பதில் பெரிய டிச் பட்டன் நாலு. இங்கே வெல்க்ரோ வேண்டாம், புடவை நூலை உருவிவிடும். உள்ளே விட்டிருக்கும் துணியைப் பிரித்துக் கையைத் தளர்த்துங்கள், அக்குளில் மூன்றுக்கு மூன்று அங்குலச் சதுரம் ஒன்று சேர்த்தால் கை தூக்கும்போது இழுக்காது. பக்கவாதமும் சேர்ந்தவர்களுக்கு, போடும்போது முடியாத கை முதலில், கழற்றும்போது முடிகிற கை முதலில்.

ஆண்களுக்கு வேலை குறைவு. தானே வேட்டி கட்டுகிறவரைத் தடுக்காதீர்கள், கஞ்சி போடாத பருத்தி நாலு முழமாகக் கொடுங்கள். அது அவிழத் தொடங்கும்போது, இடுப்பில் வெல்க்ரோ வைத்து வரும் 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி. அதற்கும் பிறகு மூட்டின கைலியின் மேல்விளிம்பில் எலாஸ்டிக்.

நைட்டியை நான் வெறுக்கவில்லை. ஆனால் கடை நைட்டி தலை வழியாகப் போடுவது. துணி முகத்தை மூடும் அந்த இரண்டு நொடியில் யாரோ கழுத்தை நெரிப்பதாக நினைத்து அடிக்க வருவார்கள். "குளிப்பாட்டினா அடிக்கிறாங்க" என்ற புகாரில் பாதி இந்த நொடியில் பிறப்பது என்பது என் கணிப்பு. முன்பக்கம் நடுவில் மேலிருந்து கீழ்வரை வெட்டி, ஒன்றரை அங்குலப் பட்டி கொடுத்து, 5 அங்குலத்துக்கு ஒரு டிச் பட்டன் வைத்தால் சட்டைபோல் போட்டுவிடலாம். கோடைக்குப் பாலியஸ்டர் வேண்டாம். பொட்டுப் பொட்டாக டிசைன் போட்டதும் வேண்டாம், பூச்சி ஊர்கிறது என்று நாள் முழுக்கப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

துணியைக் கழற்றிப் போடுகிறார்கள் என்பதுதான் பலரின் பெரிய வேதனை. வெட்கம் போய்விட்டது என்று பேசுவதற்கு முன், சொல்லத் தெரியாத வாய்க்குப் பதிலாகக் கை பேசுகிறதா என்று பாருங்கள். கழுத்து லேபிள் அரிக்கலாம். புழுக்கமாக இருக்கலாம். சிறுநீர் வருகிறது என்று சொல்ல வார்த்தை வராமல் இருக்கலாம். டயாபர் இடுக்கில் புண், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று எல்லாம் இப்படித்தான் வெளிப்படும். இதையெல்லாம் பார்க்காமல் முதுகில் ஜிப் வைத்து, தானே கழற்ற முடியாத முழு உடுப்பை இணையத்தில் வாங்கி மாட்டுவது கட்டிப்போடுவதற்குச் சமம். அதைப் போட்ட நாளிலிருந்து அவர் தானாகக் கழிப்பறைக்குப் போகவே முடியாது. டயாபரைக் கிழித்து மலத்தைப் பூசும் நிலையில், காரணங்களைத் தேடிப் பார்த்த பிறகும் தீராவிட்டால் மட்டும் அது. அப்போதும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை கூட்டிப்போக ஆள் வேண்டும். அதற்கு முன் ஒரு நடுவழி இருக்கிறது: குழந்தைக்குப் போடுவதுபோல் கால்களுக்கிடையே பட்டன் வைத்த நீள பனியன், மேலே வழக்கமான கைலி.

படுக்கையில் இருப்பவருக்கு இருக்கிற சட்டையையே மாற்றலாம். முன்பக்கத்தைப் பட்டன் போட்டபடியே தைத்து மூடிவிட்டு, பின்பக்கம் காலரிலிருந்து கீழ்வரை நடுவில் வெட்டுங்கள். இரு பக்கமும் 6 அங்குலத் துணி சேர்த்தால் ஒன்றன்மேல் ஒன்று படியும். பிடிப்புத் தோளில் மட்டும், இரண்டு டிச் பட்டன். முதுகிலும் பிட்டத்திலும் எந்தப் பட்டனும், தடித்த தையலும் வேண்டாம், அங்கேதான் படுக்கைப்புண் தொடங்கும். எதிரிலிருந்து இரண்டு கையையும் நுழைத்து, துணியை முதுகுக்கு அடியில் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டால் முடிந்தது. ஆளை எழுப்பி உட்கார வைக்கவே வேண்டாம். பார்க்க வருகிறவர்களுக்கு அது எப்போதும் போடும் அதே கோடு போட்ட சட்டை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் ஒரு மதிப்பீடு வந்தது. இத்தனை பேருக்கு நம் ஜவுளிக்கடைகளில் ஓர் அலமாரிகூட ஒதுக்கவில்லை. அதனால்தான் டெய்லரைச் சொல்கிறேன். எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் வெட்டிவிடாதீர்கள். சாயம்போன பருத்திப் புடவை ஒன்று, பழைய ரவிக்கை ஒன்று. தைத்து வந்ததும் இரண்டு தடவை துவைத்து, ஒரு வாரம் கட்டவிட்டு, எங்கே இழுக்கிறது, எதைப் பிய்க்கிறார் என்று பார்த்த பிறகு அடுத்ததைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: உங்கள் போன் நம்பரை அழியாத மையில் எழுதிய துணிப்பட்டை, இடுப்பின் உள்பக்கம். வெளியே தெரியும்படி வேண்டாம். கழுத்தில் மாட்டும் அட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வாசலைத் தாண்டுகிறவர்கள், இந்தப் பட்டையைக் கவனிக்கவே மாட்டார்கள்.