பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதுதானா?

அந்த மீமை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஜிபிஎஸ் மாதிரி இடம் காட்டும் நம் நாட்டு நாவிக் திட்டத்தில், கடிகாரம் நின்ற செயற்கைக்கோள்களைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலாமாம். என் நட்பு வட்டத்திலேயே பாதிப் பேர் ஹாஹா போட்டிருக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் கடிகாரம் நின்றால் செயற்கைக்கோள் செத்துப்போகாது.

வழிகாட்டும் செயற்கைக்கோளின் முதல் வேலை நேரம் சொல்வது. ஒரு மைக்ரோ நொடி பிசகினால் தூரக் கணக்கில் 300 மீட்டர் பிசகும். அதனால்தான் முதல் தலைமுறை நாவிக் ஒவ்வொன்றிலும் மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்கள். 2013 ஜூலையில் ஏவிய முதல் நாவிக் செயற்கைக்கோள் ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ பத்து வருடம் உழைக்க வேண்டியது. மூன்றே வருடத்தில் மூன்று கடிகாரங்களும் நின்றன. மறுக்கவில்லை. ஆனால் மின்சாரமும் ஆன்டெனாவும் இருக்கும்வரை அப்படிப்பட்ட ஒன்று செய்தி அனுப்பும். நாவிக்கில் இடம் காட்ட நான்கு, ஒருவழிச் செய்தி அனுப்ப நான்கு என்று 2025 ஜூலையில் அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. செத்ததா அது?

"செய்தி அனுப்பி என்னத்தைக் கிழிக்கும்?" என்பீர்கள். 2017இல் ஒக்கி புயல் வந்தபோது என் சித்தப்பா குமரிக் கரையிலிருந்து, பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடலுக்குப் போயிருந்தார். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினால் செல்போன் கிடையாது. புயல் வருகிறது என்று அங்கே யார் சொல்வது? லட்சத்தீவில் கரை ஒதுங்கினார் என்று தகவல் வரும்வரை சித்தி சோற்றைத் தொடவில்லை. எத்தனையோ வீடுகளுக்கு அந்தத் தகவல் வரவே இல்லை. மீனவர் கைக்கு நாவிக் செய்திக் கருவி வந்ததே அதற்கு அப்புறம்தான்.

"அமெரிக்காக்காரனுடையது 25 வருஷம் ஓடியதே?" ஓடியது. 1990இல் ஏவிய ஒரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளை 2016 ஜனவரியில் நிறுத்தினார்கள். நிறுத்திய அன்று மற்ற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பல 13 மைக்ரோ நொடி தப்பாக நேரம் சொன்னதையும் சேர்த்துச் சொல்லுங்களேன். ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டும் செயற்கைக்கோள்களிலும், நாவிக்குக்குக் கடிகாரம் கொடுத்த அதே சுவிஸ் நிறுவனத்துக் கடிகாரங்கள் நின்றன. அதற்கு மீம் உண்டா? 'வரிப்பணம்' பேர்வழிகளுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கோபம் வர வேண்டிய இடமே வேறு. 2018 ஏப்ரலில் ஐஆர்என்எஸ்எஸ்-1ஐ என்ற நாவிக் செயற்கைக்கோள் போனது. அடுத்தது 2023 மே மாதம்! நடுவில் ஐந்து வருடம் ஒன்றுகூடப் போகவில்லை. உள்நாட்டுக் கடிகாரத்தோடு புதுத் தலைமுறை நாவிக் என்விஎஸ்-01 போனது, சந்தோஷம். 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 வால்வு திறக்காமல் சரியான பாதைக்கே போகவில்லை. பழசும் எத்தனை காலத்துக்குத் தாங்கும்? இன்னொரு ஒக்கி வந்தால் கையில் கருவி இருக்கும், மேலிருந்து சொல்ல ஒன்று வேண்டாமா? இதை எவன் கேட்டான்? அடுத்தது எப்போது என்று எங்கள் தொகுதி எம்பிக்கு நான் மின்னஞ்சல் போட்டேன். பதில் இல்லை.

இதற்கும் ஹாஹா போடுகிறவர்கள் தாராளமாக நட்பு நீக்கிக்கொள்ளலாம்.