பல்செட்டை யாரும் பார்க்கவில்லை

முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள் இளைத்துப்போவது "வயதின் இயல்பு" என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் முதியோரைப் பராமரிக்கும் நர்சிங் ஹோம்களில் ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதத்தில் 10 சதவீதமோ எடை குறைந்தால் அதைப் பதிவு செய்தாக வேண்டும்.

என் அம்மா கோவைப் பக்கம் ஓர் இல்லத்தில் இருந்தார். 52 கிலோ, நாலே மாதத்தில் 46. கேட்டால், "அம்மா சரியா சாப்பிடறதில்லைங்க" என்பார்கள். ஏன் சாப்பிடவில்லை? ஈறு சுருங்கி பல்செட் லொடலொடவென்று ஆடியது. சப்பாத்தியை மென்று பார்த்துவிட்டுத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார். சர்க்கரைக்குக் கொடுத்த மெட்ஃபார்மின் வேறு பசியைக் கெடுத்தது. போதாக்குறைக்கு உப்பில்லாத பத்தியச் சாப்பாடு, அதுவும் சாயங்காலம் ஆறரைக்கே (எனக்கே அந்நேரம் பசிக்காது). பல்செட்டைச் சரிசெய்து, டாக்டரிடம் பேசி மாத்திரையை மாற்றி, குழைந்த பருப்புச் சாதத்தில் நெய் விட்டுக் கொடுத்த பிறகுதான் மெல்ல 49க்கு வந்தார்.

பெற்றோரை இல்லத்தில் விட்டிருப்பவர்கள் மாதாமாதம் எடையைக் கேட்டு எழுதி வையுங்கள். போனில் சொல்லும் "நல்லா இருக்காங்க"வை நம்பாதீர்கள். பார்க்கப் போனால் சாப்பாட்டு வேளையில் போங்கள். வளையல் முழங்கை வரை ஏறுகிறதா என்று பாருங்கள்.