வாட்டர்லூ வரை போகாத ரயில்

லண்டனில் ஸ்ட்ராண்ட் தெருப் பக்கம் போனால் மூடிக்கிடக்கும் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் முன் கொஞ்சம் நின்று பாருங்கள். உறைந்த ரத்தத்தின் நிறத்தில் பளபளக்கும் ஓடு பதித்த முகப்பு. மேலே 'ஸ்ட்ராண்ட் ஸ்டேஷன்' என்ற எழுத்துகள். அந்தப் பெயரை 1915-லேயே ஆல்ட்விச் என்று மாற்றிவிட்டார்கள். 1994 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு ரயிலும் நின்றுபோனது.

ஆள் வரவில்லை, அதனால் மூடினார்கள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 450 பேர்தான் வந்தார்கள். 1907-இல் நிலையம் திறந்தபோது போட்ட லிஃப்டுகளை மாற்ற 30 லட்சம் பவுண்டு தேவைப்பட்டது. சரி, கணக்கு தப்பில்லை. ஆனால் ஆள் ஏன் வரவில்லை?

தனித்தனியாகத் திட்டமிட்ட இரண்டு ரயில் பாதைகளை ஒன்றாக்கியபோது, முக்கியப் பாதை பிக்கடில்லி பகுதியின் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்ட்ராண்டுக்கு மிஞ்சியது பக்கத்து நிலையமான ஹோல்போர்னிலிருந்து ஒரே நிறுத்தம் வரும் துண்டுப் பாதை. நடந்தே போய்விடும் தூரத்துக்கு யார் லிஃப்டில் இறங்கி ரயிலுக்குக் காத்திருப்பார்கள்? 1917-இல் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நிறுத்தினார்கள். 1962 முதல் காலை, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் ஓட்டினார்கள். ரயிலைக் குறைத்துக்கொண்டே போய், அப்புறம் ஆளை எண்ணினார்கள். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இவ்வளவுக்கும் இந்த நிலையத்துக்கு அந்த ஊர் பட்ட கடன் கொஞ்சமில்லை. முதல் உலகப் போரில் நேஷனல் கேலரியின் ஓவியங்களைப் பயன்படாத நடைமேடையில் பத்திரப்படுத்தினார்கள். 1940-இல் குண்டு விழத் தொடங்கியதும் ரயிலை நிறுத்திவிட்டு மக்களை உள்ளே விட்டார்கள். நடைமேடையிலும் தண்டவாளப் பள்ளத்திலும் குடும்பம் குடும்பமாகப் படுத்துத் தூங்கினார்கள். ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலின் சிற்பங்களைக்கூட பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இந்தச் சுரங்கத்தில்தான் வைத்திருந்தது. 1946 ஜூலையில்தான் ரயில் திரும்ப ஓடியது.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று. பிபிசி தமிழோசை பல ஆண்டுகள் ஒலிபரப்பான புஷ் ஹவுஸ் இந்த நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வானொலியில் நாம் கேட்ட குரல்கள் இந்தத் தெருவிலிருந்துதான் வந்தன.

பாதையை தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் எதிர்க்கரையில் இருக்கும் வாட்டர்லூ ரயில் நிலையம் வரை நீட்டியிருந்தால் இந்த நிலையம் பிழைத்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. 1965-இல் நாடாளுமன்ற அனுமதியே கிடைத்தது. பணம்தான் ஒதுக்கவில்லை. இன்றும் வாட்டர்லூ நிலையத்தில் இறங்கி இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறவர்கள், பாலத்தின் மேல் பேருந்திலோ நடந்தோ ஆற்றைத் தாண்டி வருகிறார்கள்.