பந்தயக் குதிரையும் பிளாக்பூல் கழுதையும்

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையில் ஒரு குழுக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எங்கே என்று சொல்லப்போவதில்லை. நடத்தியவர்கள் நல்லவர்கள், வாசலிலேயே டீ கொடுத்தார்கள். உலகப் புகழ்பெற்ற பழைய ஓவியங்களை இன்றைய ஓவியர்கள் 'மறுவாசிப்பு' செய்கிறார்கள் என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. உள்ளே போனால் மோனா லிசா காஞ்சிபுரம் பட்டில் உட்கார்ந்திருக்கிறாள். அடுத்த சுவரில் அதே மோனா லிசா, கையில் டபரா டம்ளர். கடைசி இராப்போஜனத்தில் பதின்மூன்று பேருக்கும் வாழையிலை.

வாழையிலையைப் பார்த்து நன்றாகவே சிரித்தேன், அதை மறைப்பானேன். சிரித்து முடித்த பிறகு அந்தப் படத்தில் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, அதுதான் பிரச்சினை. பக்கத்தில் ஒட்டியிருந்த விளக்க அட்டையைப் படித்து முடிக்கத்தான் அதிக நேரம் பிடித்தது.

கூட வந்த நண்பர் "இதெல்லாம் காப்பிதானே" என்றார். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. இவர்கள் போதுமான அளவு காப்பியடிக்கவில்லை. பிக்காசோ 1957இல், பதினேழாம் நூற்றாண்டு ஸ்பெயின்காரர் வெலாஸ்கஸின் 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தைப் பிடித்துக்கொண்டு சில மாதங்களில் 58 படங்கள் வரைந்தார். நடுவில் அலுத்துப்போயோ என்னவோ, ஜன்னலோரப் புறாக்களையும் வரைந்து அதே வரிசையில் சேர்த்துவிட்டார். மொத்தமும் இப்போது பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு படத்தோடு அந்த அளவு மல்லுக்கட்டிய பிறகு அதைக் கிண்டல் செய்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும்.

இந்த மாதிரிக் கண்காட்சி என்றாலே எனக்கு ஞாபகம் வருவது 2000ஆம் ஆண்டு லண்டன் நேஷனல் கேலரியில் நடந்த 'என்கவுண்டர்ஸ்'. (நம்ம ஊர் போலீஸ் அர்த்தத்தில் இல்லை.) இன்றைய கலைஞர்கள் 24 பேரைக் கூப்பிட்டு, எங்கள் சுவரில் இருப்பதில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு புதிதாக எதையாவது செய்யுங்கள் என்றார்கள். நான் அதை நேரில் பார்க்கவில்லை. பல வருடம் கழித்துப் பழைய புத்தகமாக அதன் கேட்டலாக் கிடைத்தது. 2019இல் தங்கை வீட்டுக்கு லண்டன் போனபோது மூலப் படங்களையாவது பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் தேடிப்போனது குதிரையை. ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ் 1762 வாக்கில் வரைந்த 'விசில்ஜாக்கெட்'. யார்க் நகரத்தில் 2,000 கினி (அந்தக் கால ஆங்கிலப் பொற்காசு) பந்தயத்தில் ஜெயித்த குதிரை. சொந்தக்காரர் பின்னாளில் பிரதமரான ராக்கிங்ஹாம் பிரபு. படம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் உயரம். பின்னணியில் மரமில்லை, மலையில்லை, ஆளில்லை. வெறும் மங்கலான மணல் நிறம், குளம்புக்கடியில் கொஞ்சம் நிழல். முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு அந்தச் செம்பழுப்புக் குதிரை நம்மை ஓரக்கண்ணால் பார்க்கிறது. மாதக்கணக்கில் செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்து, தசை தசையாகப் படித்தவர் ஸ்டப்ஸ். அந்த வயிற்று நரம்புகளைப் பார்த்தால் தெரியும்.

இந்தக் குதிரைக்குப் பதில் சொல்கிற மாதிரி, கனடாக்காரரான புகைப்படக் கலைஞர் ஜெஃப் வால் என்கவுண்டர்ஸுக்குக் கொண்டுவந்தது ஒரு கழுதை. பின்னாலிருந்து வெளிச்சம் போட்டுக் காட்டுகிற பெரிய புகைப்படம். பெயர் 'பிளாக்பூலில் ஒரு கழுதை'. பிளாக்பூல் என்பது உழைக்கும் ஜனங்கள் லீவுக்குப் போகிற கடற்கரை ஊர், கழுதை மேல் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுவார்கள். நம்ம மெரினா குதிரைகள் மாதிரி. ஒரே வித்தியாசம், அங்கே நகராட்சி விதிப்படி கழுதைகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு. படத்தில் கழுதை வேலையில் இல்லை, லாயத்தில் சும்மா நிற்கிறது. சுற்றிலும் வைக்கோல், தட்டுமுட்டுச் சாமான். ஸ்டப்ஸ் எதையெல்லாம் துடைத்தெடுத்தாரோ அதையெல்லாம் வால் திரும்பக் கொண்டுவந்து குவித்திருக்கிறார். கழுதைக்குத் தொப்பி மாட்டிச் சிரிப்பு காட்டவில்லை. பிரபுவின் குதிரைக்குக் கிடைத்த அதே மரியாதையை, அதே மாதிரிப் பெரிய அளவில், சில்லறைக்கு உழைக்கிற ஒரு ஜீவனுக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் பார்த்த பிறகு விசில்ஜாக்கெட்டை நம்மால் பழையபடி பார்க்க முடிவதில்லை. அவ்வளவு பெரிய வெற்றிடம் யார் காசில் வந்தது என்று ஒரு கேள்வி ஒட்டிக்கொள்கிறது.

அப்புறம் ஆங்கிலேய ஓவியர் டேவிட் ஹாக்னி. அவர் எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஓவியர் ஆங்கரை. இந்த ஆங்கர் ரோமில் கையில் காசில்லாத நாட்களில், ஊர் சுற்ற வந்த ஆங்கிலேயக் கனவான்களைப் பென்சிலால் வரைந்து பிழைத்தவர். முகம் மயிரிழை சுத்தமாக இருக்கும், கோட்டும் கவுனும் நாலு இழுப்பில் முடிந்திருக்கும். ஹாக்னி அதே பாணியில் 12 பேரை வரைந்தார். கனவான்களை அல்ல, நேஷனல் கேலரியின் காவலர்களை. ஒரு குச்சி முனையில் பட்டகக் கண்ணாடி வைத்த 'கேமரா லூசிடா' என்கிற பழைய கருவி, அதற்குள் குனிந்து பார்த்தால் எதிரே இருப்பவரின் முகம் தாளின் மேல் விழுந்த மாதிரித் தெரியும். கண், மூக்கு நுனி, வாயோரம் என்று சட்டெனக் குறித்துக்கொண்டு மீதியைக் கண்ணால் பார்த்து வரைவது. தலைப்பிலும் ஒரு குறும்பு: 'ஆங்கரைத் தொடர்ந்து, யூனிஃபார்ம் பாணியில் 12 உருவப்படங்கள்'. பழைய மாஸ்டர்கள் பலரும் இப்படி லென்ஸ் வைத்துத்தான் வரைந்தார்கள் என்று அவர் பின்னால் கிளப்பிய வாதத்தில் எனக்குப் பாதிதான் நம்பிக்கை. அது கிடக்கட்டும். வருடக்கணக்காகப் படங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் ஒரு கோடைக்காலம் அதே கட்டடத்தில் படமாகத் தொங்கினார்களே, அது போதும்.

எல்லாமே பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. பில் வயோலாவின் வீடியோ பெரிதாகப் பேசப்பட்டது. ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய டச்சு ஓவியர் பாஷின் ஓவியத்திலிருந்து கிளம்பி, ஐந்து பேர் படுமெதுவாக முகம் மாறுகிற விஷயம். வேறொரு இடத்தில் கொஞ்சம் பார்த்தேன், கொட்டாவி வந்தது. ஓவியர் பாலா ரேகோ, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலேயர் ஹோகார்த் படங்களாக வரைந்த கல்யாணக் கதையைத் தன் போர்ச்சுகலுக்கு மாற்றியது ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தனிப் பதிவே வேண்டும்.

அந்த 24 பேரில் இருவர் நம்ம பக்கம் வேலை பார்த்தவர்கள். இத்தாலியரான பிரான்செஸ்கோ கிளமென்ட்டே மெட்ராஸில் வீடு எடுத்துத் தங்கி, பாண்டிச்சேரிக் கைத்தாளில் வரைந்தவர். ஆங்கிலேயச் சிற்பி ஸ்டீபன் காக்ஸ் மாமல்லபுரத்தில் பட்டறை போட்டு, ஸ்தபதிகளோடு சேர்ந்து கருங்கல்லில் வேலை செய்தவர். அவர்கள் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்தார்கள். நாம் ஈசிஆரில் ஒன்றரை மணி நேரம் போக அலுத்துக்கொண்டு லியனார்டோவுக்கு வாழையிலை போடுகிறோம்.

போனால், அர்ஜுனன் தபசுப் பாறையில் பெரிய யானையின் தந்தத்துக்குக் கீழே பாருங்கள். ஒரு பூனை. மேலே ஒற்றைக்காலில் கையைத் தூக்கித் தவம் செய்கிற தபசியைப் போலவே இதுவும் கைகளைத் தூக்கி நிற்கிறது, சுற்றிலும் எலிகள். ஏழாம் நூற்றாண்டில், அரசன் செலவில், அதே பாறையில், அந்தப் பாறையின் நாயகனுக்கே ஒரு கிண்டல். சின்ன வயதிலிருந்து பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன். அது கள்ளத் தவமா, நிஜமாகவே திருந்திய பூனையா என்று இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. எலிகளுக்கும் தெரியாது போல.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கிளம்பும்போது, கடைசி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி அண்ணனிடம் இதில் உங்களுக்கு எது பிடிச்சிருக்கு என்று கேட்டேன். பத்து நாளாக அங்கேயே இருக்கிறவர். யோசித்துவிட்டு, டபரா டம்ளர் மோனா லிசாவைக் காட்டினார்.

"அந்தப் பக்கம்தான் சார் ஃபேன் காத்து வருது."