அப்பா இல்லாத பாட்டு

அப்பா போனதுக்கு அப்புறம் ஒரு அஞ்சாறு மாசம் என்னால எந்தப் பாட்டும் கேக்க முடியல. யார்கிட்ட சொன்னாலும் "நல்ல பாட்டா போட்டு கேளு, மனசு லேசாகும்"னு சொல்வாங்க, எனக்கு சிக்கலே அந்த நல்ல பாட்டுலதான் இருந்துச்சு. அப்பா டிடிகே 90 கேசட் வாங்கி, நோட்டு பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதி, ரெக்கார்டிங் சென்டர்ல குடுத்து, ஒரு வாரம் காத்திருந்து வாங்கிட்டு வர்ற ஆளு. எண்பதுகள்ல வந்த எந்தப் பாட்டை எடுத்தாலும் அதுல அவர் இருக்காரு. ஒண்ணு ஷேவ் பண்ணும்போது பாடினது, ஒண்ணு கரண்ட் போன ராத்திரி மொட்டை மாடில முணுமுணுத்தது. டீக்கடை ரேடியோல ஆரம்ப மியூசிக் வந்தாலே பாதி டீயோட டம்ளரை வச்சுட்டு கிளம்பிருவேன்.

அதனால யாரோட ஞாபகமும் ஒட்டாத பாட்டா தேட ஆரம்பிச்சேன். முதல்ல ஆப்ல "அமைதி", "ரிலாக்ஸ்"னு போட்டிருக்கிற பிளேலிஸ்ட்டெல்லாம் கேட்டேன். இதை அழுத்தி சொல்றேன், அது ஆறுதல் இல்லைங்க. ஒரே மாதிரி கிடார், ஒரே மாதிரி குரல், எந்தப் பாட்டுக்கும் பின்னாடி ஒரு ஆள் இருக்கிற மாதிரியே தெரியல. ஆஸ்பத்திரி லிஃப்ட்ல நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அப்புறம் கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன், நைட் ஷிஃப்ட்ல நான் பேசாம உக்காந்திருக்கிறதைப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம ஒரு லிங்க் அனுப்பினான். பான் ஈவேர்னு ஒரு பேரு. ஒத்தை கிடார், அதுக்கு மேல ஒரே ஆளோட குரல் பல அடுக்கா, கள்ளக்குரல்ல. வார்த்தை பாதி புரியல. ஆனா மூணு மணிக்கு அந்தக் கட்டடத்துல எனக்கு மட்டும் யாரோ மெதுவா பேசுற மாதிரி இருந்துச்சு.

வீட்டுக்கு வந்து யாருன்னு தேடினேன். ஜஸ்டின் வெர்னான், அமெரிக்காவுல விஸ்கான்சின்காரர். கூடப் படிச்ச பசங்களோட டியார்மண்ட் எடிசன்னு பேண்ட் வச்சு, எல்லாரும் சேந்து நார்த் கரோலைனாவுக்கு வீடு மாத்திப் போயிருக்காங்க. அங்க பேண்ட் உடைஞ்சிருச்சு, காதலும் முறிஞ்சிருச்சு, கல்லீரலை பாதிக்கிற அளவுக்கு ஒரு காய்ச்சல் வேற. 2006 கடைசியில கார்ல ஊருக்குத் திரும்பி, அவங்க அப்பா வேட்டைக்குப் போனா தங்குறதுக்கு காட்டுக்குள்ள வச்சிருந்த மரவீட்ல அந்தக் குளிர் காலம் முழுக்க தனியா கிடந்திருக்காரு. அங்க பதிஞ்சதுதான் இதெல்லாம். 2007ல சொந்தமா 500 சிடி போட்டாரு, அடுத்த வருஷம் ஒரு சின்ன கம்பெனி எடுத்து வெளியிட்டுச்சு, உலகமே கேட்டுச்சு. உடைஞ்சு போன ஒருத்தன் ஒளிஞ்சுக்கப் போன இடம் அப்பாவோட வீடுங்கறதைப் படிச்சப்ப நான் ரொம்ப நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

புதுப் பாட்டு எப்படித் தேடுறீங்கன்னு சில பேர் இன்பாக்ஸ்ல கேட்டீங்க, அதுக்கு என் பதில் இதுதான்: ஒரு பாட்டு பிடிச்சா பாடினவரோட நிறுத்தாதீங்க, கூட வாசிச்சது யாரு, ப்ரொட்யூஸ் பண்ணது யாரு, பிரிஞ்சு போன பழைய பேண்ட்காரங்க இப்ப எங்க இருக்காங்கன்னு பாருங்க. நான் அப்படித்தான் போனேன். வெர்னான் கிளம்பினதும் மிச்ச மூணு பேரு மெகாஃபான்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தர் பிராட் குக். அவர் நார்த் கரோலைனாவுலயே, டர்ஹாம்ல தங்கிட்டாரு, இன்னைக்கு அமெரிக்கானாங்கற இந்த வகையில எனக்குப் பிடிச்ச ஆல்பம் பாதிக்குப் பின்னாடி அவர்தான் இருக்காரு. வாக்ஸஹாச்சிங்கற பேர்ல பாடுற கேட்டி கிரட்ச்ஃபீல்ட் அலபாமாக்காரங்க, அவங்க ஊர் ஓடையோட பேரையே வச்சுக்கிட்டாங்க. குடியை விட்ட பிறகு அவங்க எழுதின ஆல்பத்தை ப்ரொட்யூஸ் பண்ணது குக்தான். அது வந்தது 2020 மார்ச் 27, நம்ம நாட்ல லாக்டவுன் போட்ட அதே வாரம். குடியை விட்டவங்க பாட்டுல பொதுவா ஒரு ஜெயிச்ச தொனி இருக்கும், இதுல அது இல்ல. காலைல முகம் கழுவிட்டு ஜன்னலைத் திறந்த மாதிரி ஒரு தெளிவு மட்டும் இருக்கு.

அமெரிக்கானான்னா என்னன்னு கேட்டா கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ், பழைய சர்ச் பாட்டு எல்லாம் கலந்த ஒரு பேருன்னு வச்சுக்கங்க, கிராமியிலயே 2010லதான் அதுக்குன்னு தனி விருது வந்துச்சு. வெள்ளைக்காரங்க தொப்பி போட்டுட்டு பாடுறதுன்னு நானும் நினைச்சிருந்தேன், அது ரொம்பத் தப்பு. இந்தப் பாட்டுல வர்ற பாஞ்சோவே ஆப்பிரிக்காவுல இருந்து அடிமைகளாப் பிடிச்சுட்டு வந்த மக்களோட வாத்தியம். ரியானன் கிடன்ஸ்ங்கற பாடகியும் அவங்க பேண்ட் கூட்டாளிகள் ரெண்டு பேரும் டர்ஹாம் பக்கத்துல மெபேன்ங்கற ஊர்ல இருந்த ஜோ தாம்சன்ங்கற கறுப்பின ஃபிடில் கலைஞர் வீட்டுக்கு வாராவாரம் போய், அவர் பக்கத்துல உக்காந்து வாசிச்சு வாசிச்சு கத்துக்கிட்டாங்க. அவருக்கு அப்ப 80 வயசு தாண்டிருச்சு. அந்தப் பசங்களோட ஆல்பம் 2011ல கிராமி வாங்கினதைப் பாத்துட்டுத்தான் அடுத்த வருஷம் பெரியவர் போனாரு. நான் ரியானன் பாட்டை முதல்ல போடும்போது இந்தக் கதை தெரியாது, தெரிஞ்ச பிறகு அந்த ஃபிடில் சத்தம் வேற மாதிரி கேக்குது.

தூக்கம் வராத ராத்திரிக்கு ஏட்ரியன் லெங்கர்ங்கற பாடகி. 2020ல டூர் நின்னு போய், மனசும் உடைஞ்சு, மாசச்சூசெட்ஸ் மலைப்பக்கம் ஒத்தை ரூம் மரவீடு ஒண்ணுல கிடாரும் டேப் ரெக்கார்டருமா உக்காந்தவங்க. காலைல எழுந்ததும் ஒரு தடவை, ராத்திரி படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை மனசுக்கு வந்ததை வாசிச்சு, அதையெல்லாம் கோத்து இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுற ஒரு கிடார் இசை பண்ணிருக்காங்க. குரலே கிடையாது. அம்மா கூட "அதைப் போடு"ன்னு கேக்குறாங்க இப்ப, பேர் தெரியாது அவங்களுக்கு, "அந்த மெதுவா வாசிக்கிறது"ம்பாங்க.

இப்ப எதுக்காக இந்தப் பதிவை எழுத உக்காந்தேனோ அது. பிராட் குக் பேரைப் பிடிச்சுட்டே போனதுல ஹர்ரே ஃபார் த ரிஃப் ராஃப்ங்கற பேரு வந்துச்சு. அந்தப் பேர்ல பாடுறது அலிண்டா செகாரா, நியூயார்க் பிராங்க்ஸ்ல போர்ட்டோ ரிக்கோ குடும்பத்துல பொறந்து, பதினேழு வயசுல வீட்டை விட்டுக் கிளம்பி கூட்ஸ் ரயில் ஏறி நாடு சுத்தி நியூ ஆர்லியன்ஸ் போய்ச் சேந்தவங்க. அவங்களோட 2024 ஆல்பத்தைப் பதியும்போது அவங்க அப்பா இறந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்துச்சாம். எனக்கு இது எதுவும் தெரியாம, பஸ்ல ஜன்னலோரம் உக்காந்து முழு ஆல்பத்தையும் கேட்டுட்டு வர்றேன், கடைசி டிராக்ல ஒரு வயசான ஆளோட குரல். போன்ல விட்ட மெசேஜ். அவங்க அப்பா.

என் போன்லயும் ஒண்ணு இருக்கு. 14 செகண்ட் வாட்ஸ்அப் வாய்ஸ். "வரும்போது கொத்தமல்லி ஒரு கட்டு வாங்கிட்டு வா, அம்மா மறந்துட்டா, பெரிய கட்டா பாத்து வாங்கு." அவர் போனதுல இருந்து அதை நான் ஒரு தடவை கூட போட்டதில்ல. போன் மாத்தினப்ப அது போயிருச்சான்னு மட்டும் பதறிப் பாத்தேன். அன்னைக்கு பஸ்லயே, அந்த டிராக் முடிஞ்சதும், இயர்போனைக் கழட்டாம அதைப் போட்டேன். மூணு தடவை கேட்டேன். பக்கத்துல உக்காந்திருந்த அக்கா எதுவும் கேக்காம தண்ணி பாட்டிலை நீட்டினாங்க.

போன ஞாயித்துக்கிழமை கேசட் பெட்டியை பரண்ல இருந்து இறக்கினேன். ஒவ்வொண்ணுலயும் அவர் கையெழுத்து, ஏ சைடு, பி சைடுன்னு. பிளேயர்ல பெல்ட் இத்துப் போயிருக்கு. கடைல குடுத்துருக்கேன், அந்த சைஸ் பெல்ட் வர அடுத்த வாரம் ஆகும்னாரு.