முகம் மேரியுடையது, வசை பிரான்சஸுக்கு

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் ஹான்ஸ் இவர்த் தீட்டிய இரட்டை உருவப்படம் ஒன்று இருக்கிறது. கறுப்பு உடையில் பருத்த உடல்வாகுள்ள சீமாட்டி. பக்கத்தில் ஓர் இளைஞன். ஆண்டு 1559. அவருக்கு வயது 36, இளைஞனுக்கு 21 என்று படத்திலேயே எழுதியிருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஜார்ஜ் வெர்ட்யூ என்ற செதுக்கோவியர், இவர் ஒன்பது நாள் மட்டும் இங்கிலாந்து ராணியாக இருந்த ஜேன் கிரேயின் தாயான சஃபோக் கோமகள் பிரான்சஸ் என்றும், இளைஞன் அவருடைய இரண்டாம் கணவர் ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்றும் சொல்லிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்ட் பிரபுவின் சேகரிப்பில் இருந்த படம் எழுத்தாளர் ஹொரஸ் வால்போலின் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்குப் போனது. வால்போலுக்கு வம்பு என்றால் வெல்லம். பிரான்சஸ் ஸ்டோக்ஸை மணந்த செய்தி கேட்டு, 'குதிரைக்காரனையா கட்டிக்கொண்டாள்?' என்று எலிசபெத் ராணி கேட்டாராம். அந்தக் கதையையும் படத்தோடு சேர்த்து எழுதிவைத்தார். 1842-இல் மாளிகைப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. படம் கைமாறியது, பெயர் மாறவில்லை.

பிரான்சஸ் பிறந்தது 1517-இல். 1559-இல் அவருக்கு 36 வயது எப்படி வரும்? ஸ்டோக்ஸோ அவரைவிட ஏறத்தாழ இரண்டு வயதுதான் இளையவர். எளிய கழித்தல் கணக்கு இது. ஆனால் பெரிய மனிதர் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்திடம் யார் கணக்குக் கேட்பார்கள்? உடைமை வரலாறு நீளமாக இருந்தால் படம் நம்பகமானது என்ற ஏலக்காரர்களின் நம்பிக்கை எனக்கு அறவே இல்லை. அது படம் யாரிடம் இருந்தது என்று சொல்லும். படத்தில் இருப்பது யார் என்று சொல்லாது.

1986-இல் கலை வரலாற்றாளர் சூசன் ஃபாய்ஸ்டர் உண்மையை எடுத்துக்காட்டினார். சீமாட்டியின் விரலில் இருக்கும் மோதிரம், கனடாவின் ஒட்டாவாவில் உள்ள இன்னொரு இவர்த் படத்தில் டேக்ர் சீமாட்டி மேரி நெவில் அணிந்திருப்பதேதான். இளைஞன் கணவனல்ல, மகன் கிரிகரி.

மேரியின் கதை வால்போலின் வம்பைவிடக் கனமானது. அவர் கணவர் டேக்ர் பிரபு, அடுத்தவர் காட்டில் நண்பர்களோடு திருட்டு வேட்டைக்குப் போனார். கைகலப்பில் ஒரு காவலாள் இறந்தார். 1541-இல் பிரபுவைச் சாதாரணக் குற்றவாளியைப் போல லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில் தூக்கிலிட்டார்கள். பட்டமும் பறிபோனது. எலிசபெத் ஆட்சியின் தொடக்கத்தில்தான் அது மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. 1559 என்ற ஆண்டுக்கும் மகனோடு நிமிர்ந்து நிற்கும் அந்தத் தோரணைக்கும் காரணம் அதுதான் என்பேன்.

எனக்குக் கூடுதல் கோபம் பிரான்சஸுக்காக. பேராசைக்காரி, கல்நெஞ்சத் தாய், இளைஞனை மணந்தவள் என்றெல்லாம் வைத வசைகளுக்கு இந்த முகத்தைத்தான் சாட்சியாகக் காட்டினார்கள். கேலரி பெயரைத் திருத்திவிட்டது. இணையத்திலோ பிரான்சஸ் என்ற பெயரில் இன்றும் மேரியின் முகம் சுற்றிக்கொண்டிருக்கிறது. பகிர்வதற்கு முன் படத்தில் எழுதியிருக்கும் வயதையாவது படியுங்கள், ஐயா.