ஈசி லிங்க் தட்டினால் போதுமா? அந்தச் செய்தி தவறு

ரெண்டு நாளாக நம்ம சிங்கப்பூர் வாட்ஸ்அப் குழுக்களில், பேருந்திலும் ரயிலிலும் தட்டும் ஈசி லிங்க் அட்டையைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "போலீஸ் வழக்கா? ஈசி லிங்க் பதிவையோ கைப்பேசி லொகேஷனையோ காட்டினால் போதும், நீங்கள் அங்கே இல்லை என்று நீதிமன்றம் ஒத்துக்கொண்டே ஆக வேண்டும்." அப்படி ஒரு சட்டம் கிடையாது.

அட்டை தட்டியது அட்டை எங்கே இருந்தது என்பதைத்தான் சொல்லும், யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லாது. போன வாரம் என் கைப்பேசி தேக்காவில் ஒரு கடையில் சார்ஜில் கிடந்தது, நான் அப்போது ஈசூனில் அம்மா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். லொகேஷனைப் பார்த்தால் நான் தேக்காவில்! அந்தப் பதிவு உதவாது என்றில்லை, கண்காணிப்புக் கேமரா, ரசீது, கூட இருந்தவரின் சாட்சியம் என்று மற்றதோடு சேர்த்துத்தான் நீதிபதி எடைபோடுவார்.

செய்தி சொல்லாமல் விட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "நான் அப்போது வேறு இடத்தில் இருந்தேன்" என்று வாதிடப் போகிறவர் அதை அரசுத் தரப்புக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 2010, பிரிவு 278. விசாரணை அன்று ஸ்கிரீன்ஷாட்டோடு போய் நின்றால், நீதிமன்றம் தனியாக அனுமதித்தால்தான் அதைச் சாட்சியமாக வைக்க முடியும். அரசின் சட்டத் தொகுப்பு இணையத்தளத்தில் இதை இலவசமாகவே படிக்கலாம்.

அந்த வாட்ஸ்அப் செய்தியை நம்பி வக்கீலிடம் போகாமல் இருந்துவிட்டால் பாதிப்பு பெரிது. தயவுசெய்து இனி அனுப்பாதீர்கள், ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் தவறு என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.